வேப்பிலை கட்டிய வாளி

காளியாயி மூன்று பசுவையும் கறந்து முடித்த பிறகுதான் முகம் கழுவுவாள். அதற்குமுன் கழுவினால் கை குளிர்ந்துபோகும். குளிர்ந்த கையை மடி ஏற்காது. நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இடது முட்டி வீங்கிக் கிடந்தது. உச்சந்தலையில் கொழுந்துக்கூடையின் கயிறு பதிந்த இடத்தில் முடி முளைப்பதை விட்டுவிட்டது. முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். முட்டி மடங்காமல் போனதும் தோட்டத்தில் பேரை வெட்டிவிட்டார்கள்.

கண்டிச் சீமையில் நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிற ரோட்டுக்கு மேலே கல்லுமலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசை வீடான எட்டாம் நம்பர் லயத்தில் கடைசிக் காம்பரா அவளுடையது. புருசன் பழனியாண்டி தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர். இப்போது நெஞ்சு இளைத்து, பத்து எட்டு நடந்தால் இரண்டு நிமிசம் நிற்கிற ஆள். ஒரே மகள் நாகலெட்சுமிக்குப் பத்தொன்பது வயது. அந்தக் குடும்பம் மூன்று பசுவின் மேல்தான் நின்றது. பசுக்கள் நின்றது லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுப்பட்டியில்.

அந்தப் பட்டிக்குத்தான் ஆபத்து வந்தது. மாடுகள் தண்ணீர்க் கானை மிதித்து உடைக்கின்றன, லயத்துப் பக்கம் ஒரு பட்டியும் இருக்கக் கூடாது என்று 1961-இல் தோட்டத்துத் தொரை உத்தரவு போட்டார். மற்றவர்கள் மாட்டை விற்றார்கள். காளியாயியின் பட்டி மட்டும் தப்பியது. மலையைக் குடைந்து மின்சாரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்ப் போட்டிருந்தது. கேம்புக்குத் தினம் பதினாறு போத்தல் பால் வேண்டும். கேம்ப் பெரியவர் தோட்டத்துத் தொரையிடம் சொல்ல, “கேம்புக்குப் பால் போகிற வரைக்கும் பட்டி இருக்கட்டும்” என்று உத்தரவு வந்தது. போகிற வரைக்கும். அந்த ஒரு வார்த்தையைக் காளியாயி மறக்கவே இல்லை.

கேம்ப் பெரியவர் லிண்ட் என்பவர், சுவீடன் தேசம். லயத்தில் அவரை லிண்டு தொரை என்றார்கள். காளியாயி பிறந்ததிலிருந்து இங்கிலீஸ் தொரைமாரைப் பார்த்தவள். அவர்கள் கத்துவார்கள், கத்தி முடித்தால் காரியம் முடிந்துவிடும். இவர் கத்தவில்லை. காகிதத்தில் எழுதி, படித்துக்காட்டச் செய்து, கைநாட்டு வாங்கினார். காலை ஆறு மணிக்குப் பால் வரவேண்டும். வராவிட்டால் முதல் நாளே காரணம் சொல்லவேண்டும். ஆறு மணிக்குக் கையில் கடிகாரத்தோடு வாசலில் நிற்பார். பாலை ஊற்றியதும், அதைக் கொண்டுபோகிற நாகலெட்சுமியைப் பார்த்து நன்றி சொல்வார்.

“பாலுக்குத்தான் காசு குடுக்கிறாரே, அப்புறம் நன்றி எதுக்கு?” என்று பக்கத்துக் காம்பரா சிவசாமி கேட்டார்.

“அதாச்சும் பரவால்ல மாமா. அங்க உள்ள ஆம்பளைங்க அத்தனை பேரும் சாப்பாட்டோட பாலைக் குடிக்கிறாங்க. கிளாசுல ஊத்தி, சில்லுன்னு” என்றாள் நாகலெட்சுமி.

“மீசை வச்ச ஆளுங்களா?”

“மீசை வச்ச ஆளுங்கதான்.”

“பல்லு மொளைக்கலையாக்கும்” என்றாள் காளியாயி. “குடிக்கட்டும். அவங்க குடிக்கிற வரைக்கும் நம்ம பட்டி நிக்கும்.”

ஒரு வருசம் தவறாமல் போனது. அடுத்த வைகாசியில் ஒரு சாயங்காலம் நாகலெட்சுமி முதுகு வலிக்கிறது என்று படுத்தாள். விடியும்போது உடம்பு கொதித்தது. காளியாயி விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே நாலு முத்து, தண்ணீர் கோத்து நின்றது.

சின்னம்மைதான். ஆனால் அதை யாரும் வாயால் சொல்லவில்லை. காளியாயி கைகூப்பி, “வந்தது வந்துட்ட தாயி, எறங்கிப் போயிரு” என்றாள். அதோடு வேலையில் இறங்கினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. பாய் மாறியது. வாசலில் கட்ட வேப்பிலை வேண்டும். அந்தக் குளிரில் வேம்பு சரியாக வளராது. ஆற்றோரக் கிராமத்தில் பியசேன என்கிற சிங்கள ஆள் வீட்டு முற்றத்தில் ஒரு நோஞ்சான் மரம் நின்றது. சிவசாமி போய் ஒரு கட்டு வாங்கி வந்தார். பியசேன எதற்கென்று கேட்கவில்லை. அவர்கள் சாதியிலும் இது தெய்வத்தின் நோய்தான், அங்கேயும் இதே இலைதான் கட்டுவார்கள்.

அம்மா வந்திருக்கிற வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே போகக் கூடாது. நெருப்பு, உப்பு, மஞ்சள் எதுவும் கூடாது. பால் கூடவே கூடாது. வீட்டு ஆள் இன்னொரு வாசலுக்குப் போகக் கூடாது. முத்து உதிர்ந்து தலைக்கு மூன்றாம் தண்ணி ஊற்றும் வரைக்கும் அப்படித்தான்.

“மாமா, கேம்புல சொல்லிருங்க, ரெண்டு வாரத்துக்குப் பால் வராதுன்னு” என்றாள் காளியாயி, வாசலுக்கு உள்ளே நின்றபடி.

“ஏன்னு கேட்டா?”

“வீட்டுல சோலின்னு சொல்லுங்க.”

சிவசாமி போய் அப்படியே சொன்னார். கேம்ப் கிளார்க் அதை இங்கிலீசில் ஆக்கித் தொரையிடம் சொன்னார். நம் ஊரில் ஒரு ஆள் வீட்டில் சோலி என்று சொல்லித் தரையைப் பார்த்தால், கேட்டவர் “சரி” என்று நகர்ந்துவிடுவார். மேலே கேட்பது மரியாதை இல்லை. லிண்டு தொரைக்கோ வேலை என்றால் வேலை. எங்களுக்குப் பால் கொடுப்பதைவிட என்ன பெரிய வேலை என்று அவர் நினைத்தார். வேறு யாருக்கோ விற்கப் போகிறாள் என்று முடிவு கட்டினார்.

பசுக்களுக்கு இதெல்லாம் தெரியாது. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். காளியாயி வழக்கம்போல் எழுந்து கறந்தாள். கன்றுகளை வயிறு முட்டக் குடிக்கவிட்டாள். மிச்சத்தை ஓடையில் ஊற்றினாள். இடையில் மகளுக்குக் கூழ் கரைத்தாள், பாய் மாற்றினாள், சொறியாமல் கையைப் பிடித்துக்கொண்டாள். புருசனுக்கு இருமல் கூடியபோது முதுகைத் தேய்த்தாள். நாளைக்கு மூன்று மணி நேரம் தூங்கியிருப்பாள். கும்பிட நேரமில்லை. வாசலில் இலை இருக்கிறதே, அது போதும் என்றிருந்தாள்.

ஐந்தாம் நாள் கேம்பிலிருந்து ஒரு நீலக் காகிதம் வந்தது. சிவசாமி அதைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோய்ப் படிக்கவைத்து வந்து, வாசலுக்கு வெளியே நின்று சொன்னார்.

“காரணம் சொல்லாம நிப்பாட்டிட்டியாம். இன்னும் மூணு நாளைக்குள்ள வரலைன்னா ஒப்பந்தம் ரத்தாம். பியசேனகிட்ட இப்ப வாங்கிக்கிறாங்களாம். இன்னொண்ணு…”

“சொல்லுங்க மாமா.”

“தோட்டத்துத் தொரைக்கும் ஒரு காகிதம் போயிருக்கு. பால் போகலைன்னா பட்டிய மாசக் கடைசியில பிரிச்சிருன்னு சொல்லிட்டாராம்.”

உள்ளே பழனியாண்டி எழுந்து உட்கார்ந்தார். “நீ போயி நெசத்தைச் சொல்லிட்டு வா புள்ள. வெள்ளக்காரன்தானே, அவனுக்கு என்ன அம்மா, என்ன மாரி?”

“நான் போகமாட்டேன்.”

“பட்டி போயிருமே!”

“போகட்டும். நான் சின்னப் புள்ளையா இருக்கையில மேட்டு லயத்துல ஒருத்தி, அம்மா எறங்குறதுக்கு முன்னால மோர் கடைஞ்சு நாலு வீட்டுக்குக் குடுத்தா. நாலு வீட்டுலயும் புள்ளைங்களைத் தூக்குனாங்க. அதுல ஒண்ணு என் தங்கச்சி. எனக்கு சாமி என்ன சொல்லுதுன்னு தெரியாதுங்க. வாளி போன வழியில அதுவும் போகும், அது தெரியும்.”

“அப்ப ஆளுகிட்டயாவது சொல்லி அனுப்பு.”

“சொன்னா கேம்புல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும். மருந்தடிக்கிறவன் வருவான். இந்த லயத்துல இன்னும் ரெண்டு வீட்டுல வாசலைச் சாத்தியிருக்காங்க, உங்களுக்குத் தெரியுமா? அவங்க வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகாம நின்னா அரிசிக்கு எங்க போவாங்க?”

பழனியாண்டி மறுபடியும் படுத்துக்கொண்டார். ஆக, லயத்துக்குத் தெரியும், ஆற்றோரக் கிராமத்துக்குத் தெரியும், பால் ஊற்றுகிற பியசேனவுக்கும் தெரியும். கேம்புக்கு மட்டும் தெரியாது.

பதின்மூன்றாம் நாள் மூன்றாம் தண்ணி ஊற்றினார்கள். நாகலெட்சுமி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் காலையில் காளியாயி குளித்து, வெளுத்த சேலை கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு கேம்புக்கு நடந்தாள். ஒரு மைல் இறக்கம். முட்டி ஒவ்வொரு படியிலும் குத்தியது.

கேம்பில் மருந்து கொடுக்கிற இராசம்மா, கண்டி ஆஸ்பத்திரியில் படித்த நர்ஸ்; லயத்தில் மிஸி என்பார்கள். அக்காள் பிள்ளைப்பேற்றுக்கு லீவில் போயிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். அவளையே தொரை பேச்சை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்.

“உக்காரச் சொல்றாரு அக்கா.”

“இருக்கட்டும் மிஸி, நிக்கிறேன்.”

காளியாயி உட்காரவில்லை என்றதும் தொரையும் எழுந்து நின்றார். அவர் நின்ற பிறகு இராசம்மா எப்படி உட்காருவாள்? மூன்று நாற்காலி காலியாகக் கிடக்க மூன்று பேரும் நின்றார்கள்.

காளியாயி பழத்தை மேசையில் வைத்துக் கும்பிட்டாள். தொரை முகம் சிவந்தது. பழத்தை இரண்டு கையாலும் எடுத்து, திரும்ப அவள் பக்கம் நீட்டினார்.

“சாமான் குடுக்கிறவங்ககிட்ட இனாமா ஒண்ணும் வாங்கக் கூடாதாம் அக்கா. கம்பெனிச் சட்டமாம்.”

தோட்டத்தில் தொரை பழத்தைத் தொட்டுவிட்டால் மனுவைக் கேட்பார் என்று அர்த்தம். பழத்தைத் திருப்பினால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் நின்றால் காவல்காரன் வருவான். அவள் பழத்தை முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

“சரிங்க மிஸி. போயிட்டு வாறேன்னு சொல்லுங்க.”

அவள் கேட்டைத் தாண்டும்போது இராசம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“எங்கக்கா போறீங்க? அவரு இன்னும் பேசவே ஆரம்பிக்கலை!”

“பழத்தையே வேணாம்ட்டாரே மிஸி. இனி என்ன பேச்சு?”

“ஐயோ அக்கா! பழம் வேற, பேச்சு வேற. அவங்க ஊர்ல ஒப்பந்தம் பேசையில பழம் வாங்குனாத்தான் தப்பு. ‘நான் என்ன செஞ்சேன், ஏன் போயிட்டாங்க’ன்னு அவரு அங்க முழிச்சிட்டு நிக்கிறாரு. அவருக்கு ஒரே கேள்விதான். ஏன் பால் வரலை?”

காளியாயி தரையைப் பார்த்தாள். “நாகலெட்சுமிக்கு மூணாந் தண்ணி ஊத்தியாச்சு மிஸி. நேத்து.”

இராசம்மா மாதா கோவிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் லயத்தில் பிறந்தவள். அதற்குமேல் கேட்கவேண்டியிருக்கவில்லை.

“காய்ச்சல் என்னைக்கு வந்துச்சு?”

“செவ்வாக்கெழமை சாயங்காலம் படுத்தா, ராத்திரி வந்துருச்சு. அன்னைக்குக் காலையில அவதான் வாளியக் கொண்டாந்தா. மறுநாள்ல இருந்து ஒரு சொட்டு வெளிய போகலை. ஓடையில ஊத்துனேன் மிஸி, அத்தனையும்.”

உள்ளே போனதும் இராசம்மா தொரையிடம் வெகுநேரம் பேசினாள். அவர் கலண்டரில் விரல் வைத்து எண்ணினார். கேம்பில் யாருக்கெல்லாம் சின்ன வயதில் இது வந்திருக்கிறது என்று கேட்டார். பிறகு காளியாயியைப் பார்த்துச் சொன்னார். இராசம்மா தமிழில் சொன்னாள்.

“நிப்பாட்டினது சரியாம். ஒரு டாக்டர் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாராம். ஆனா சொல்லாம இருந்தது தப்பாம்.”

“சொல்லக் கூடாதுங்க மிஸி.”

“சொன்னேன் அக்கா. அவங்க ஊர்ல சொல்லாட்டித்தான் குத்தமாம். இனிமே சொல்லுவீங்களான்னு கேக்குறாரு.”

காளியாயி முப்பது வருசமாகத் தொரைமாரிடம் “சரிங்க தொரை” என்று சொல்லி வந்தவள். அதைச் சொன்னால் அந்த நேரம் கடந்துபோகும். பிறகு யாரும் அதை ஞாபகம் வைத்திருப்பதில்லை, சொன்னவளும் கேட்டவரும். இந்த மனிதர் அப்படியில்லை. சரி என்றால் எழுதிவைப்பார். எழுதிவைத்தால் அடுத்த தடவை அதையே கேட்பார். அவளுக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது. கடைசியில் அவளே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். தொரையும் உடனே உட்கார்ந்தார்.

“வாயால சொல்லமாட்டேன்னு சொல்லுங்க மிஸி.”

“அக்கா, பட்டி போயிருமே!”

“அப்படியே சொல்லுங்க. வாயால சொல்லமாட்டேன். ஆனா பட்டியில கெடக்கிற வெறும் வாளியில ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டி, சிவசாமி மாமாகிட்டக் குடுத்து உங்க கேட்டுல மாட்டச் சொல்றேன். வாளிய உள்ள எடுக்கக் கூடாது. யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. வாசல்ல இருந்து எல எறங்குன அன்னைக்குப் பால் வரும்.”

இராசம்மா அதைச் சொல்லும்போது தொரை சிரிப்பார் என்று காளியாயி எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

“எந்த இலைன்னு கேக்குறாரு. ஒண்ணு கொண்டாந்து குடுக்கணுமாம், காகிதத்துல ஒட்டி வைக்க.”

“ஒட்டி வைக்கவா?”

“கேட்டுல நிக்கிறவன் வேற ஏதாவது எலையைப் பார்த்துக் குழம்பிரக் கூடாதாம்.”

அன்று வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு முதல் தடவையாகக் காளியாயிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் தொரை இன்னும் இரண்டு விசயம் சொன்னார். ஒரே வீட்டை நம்பி இருக்கமுடியாது, இனி எட்டுப் போத்தல்தான் அவளுக்கு, எட்டு பியசேனவுக்கு. இரண்டாவது, லயத்தில் நோய் இருப்பதை ஆஸ்பத்திரிக்கு எழுதியாக வேண்டும்.

“மிஸி, நீங்க எழுதாதீங்க.”

“எழுதணும் அக்கா. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். எழுதலைன்னா நான் இந்த நர்ஸ் சட்டையைக் கழட்டிட்டுப் போகணும்.”

காளியாயி தலையாட்டினாள். அதுவும் சரிதான்.

மூன்றாம் நாள் மருந்தடிக்க ஆள் வந்தது. சாத்தியிருந்த இரண்டு கதவையும் திறந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் பெரட்டுக்கு வரக் கூடாது என்று உத்தரவாயிற்று. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் காளியாயி குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

“பட்டியக் காப்பாத்த லயத்தையே காட்டிக் குடுத்தவ” என்றாள் சிவசாமி பெண்சாதி, கேட்கும்படியாக.

காளியாயி கூழ் இரண்டு சட்டி காய்ச்சி அந்த இரண்டு வாசலிலும் வைத்துவிட்டு வந்தாள். ஒரு சட்டி காலியாகத் திரும்பி வந்தது. இன்னொன்று வைத்தபடியே இருந்தது.

எட்டுப் போத்தலுக்கு மூன்று பசு எதற்கு என்று தோட்டத்துத் தொரை கேட்டார். ஒன்றை விற்கவேண்டியதாயிற்று. பியசேனதான் வாங்கினான். மாட்டை விற்றால் கயிற்றை விற்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. தன் கயிற்றைத் தானே கொண்டுவந்திருந்தான்.

“அக்கே, கோபமா?” என்று அரைத்தமிழில் கேட்டான்.

“ஒன்மேல எதுக்குக் கோவம்? நீ ஊத்தாட்டி வேற எவனாவது ஊத்தியிருப்பான். மாட்டுக்கு வலது காம்பு கொஞ்சம் கெட்டி. மெதுவாக் கற.”

அடுத்த வருசம் ஒரு காலையில் காளியாயி பாலோடு போனபோது கேம்ப் கேட்டில் ஒரு வாளி தொங்கியது. அவளுடையது அல்ல, பியசேனவுடையது. கைப்பிடியில் ஒரு கொத்து வேப்பிலை. லிண்டு தொரை கடிகாரத்தோடு நின்று அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. காளியாயியைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து எட்டு விரலைக் காட்டினார். இன்னும் எட்டுப் போத்தல் கிடைக்குமா என்று அர்த்தம். அவள் நாலு விரலைக் காட்டினாள். அந்த இரண்டு வாரமும் கேம்பில் மீசைக்காரர்கள் முக்கால் கிளாஸ்தான் குடித்தார்கள்.

1965-இல் சுரங்க வேலை முடிந்தது. கேம்பைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். கடைசி நாள் லிண்டு தொரை இராசம்மாவோடு லயத்துக்கு ஏறி வந்தார். நாகலெட்சுமி கலியாணமாகி மஸ்கெலியாப் பக்கம் போயிருந்தாள். பழனியாண்டி எழுந்து உட்கார முடியாமல் கிடந்தார்.

“ஒப்பந்தம் நேத்தோட முடிஞ்சிருச்சாம் அக்கா” என்றாள் இராசம்மா. “இப்ப பழம் குடுத்தா வாங்கிக்குவாராம்.”

வீட்டில் அன்று பழம் இல்லை. காளியாயி ஒரு கிளாஸ் பாலைக் கொடுத்தாள், சூடாக. அவர் வாசலில் நின்றே குடித்தார். நன்றி சொன்னார். அவளும் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

“பார்த்துப் போங்க தொரை. படி வழுக்கும்.”

அடுத்த திங்கட்கிழமை பட்டியைப் பிரிக்கச் சொல்லிக் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார். ஆள் வந்து பார்த்தபோது பட்டி அங்கே இல்லை. இரண்டு பசுவும் சனிக்கிழமையே பியசேன வீட்டுக்குப் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காளியாயி தானே கம்புகளைப் பிடுங்கி, வெட்டி, அடுக்கியிருந்தாள். கம்பு அவள் வாங்கிப் போட்டது, தோட்டத்துக்கு ஏன் விட வேண்டும்? பழனியாண்டிக்கு உடம்பு துடைக்கத் தினமும் வெந்நீர் வேண்டியிருந்தது. தேயிலை துளிர்க்கிற கொழுந்து நாள் தொடங்கும் வரைக்கும் அடுப்புக்கு அந்த விறகு போதியது.